பிரேக் அக்காவின் உருளைக்கிழங்குப் பாத்தி

எங்கள் தெருவில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பிரேக் அக்காவிடம் கற்றுக்கொண்டவர்கள். நானும் அவர்களில் ஒருத்தி. பயிற்சிப் பள்ளியின் வெள்ளைக் காரில் அக்கா உட்காரும் பக்கத்திலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. நடைபாதையில் ஒரு பூனை நின்று, சாலையைக் கடக்கலாமா வேண்டாமா என்று யோசித்தாலே போதும், அக்காவின் கால் அந்தப் பிரேக்கை அழுத்திவிடும். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. அவருக்கும் அது தெரியும். "அப்படிச் சொல்றதுக்கு நீங்க எல்லாம் முழுசா இருக்கீங்கல்ல, அது போதும்" என்பார்.

ஊரில் உள்ளவர்களையெல்லாம் முட்டாமல் மோதாமல் காப்பாற்றியவர், சொந்த வீட்டு மாடிப்படியில் ஈரத்துணி வாளியோடு வழுக்கி விழுந்தார். வலது கணுக்கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்ட மருத்துவர், கட்டைப் பிரித்த பிறகும் பல மாதங்களுக்குக் காரின் மிதி எதையும் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அக்கா வீட்டுப் பின்புறமும் என் வீட்டுப் பின்புறமும் ஒரே மதிலைப் பகிர்ந்துகொள்கின்றன. நான் தையல் வேலை செய்பவள். என் இயந்திரம் மாடி ஜன்னலோரம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் அவர்கள் கொல்லை முழுக்கத் தெரியும். காற்று இந்தப் பக்கம் வீசினால் பேச்சும் கேட்கும். அதனால் அந்த வீட்டு மூன்று பேரையும் எனக்கு நன்றாகத் தெரியும்: அக்கா, அவர் கணவர், கணவரின் தங்கை. கணவருக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. தங்கைக்கு மருந்துக்கடையில் வேலை.

அக்கா வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும் மற்ற இருவர் பாடும் திண்டாட்டமானது. கண்ணாடிக்காரர் அடுப்பைப் பற்றவைத்தால், சாப்பாட்டு மேசையிலிருந்து குரல் வரும். "தீயைக் குறைங்க. இப்பக் கிளறுங்க. முன்னாடியே பாத்துட்டு இருக்காதீங்க, பக்கத்துல பாருங்க, பால் பொங்கி வருது!" பேசிக்கொண்டே அக்காவின் நல்ல கால் தரையை அழுத்தும். தங்கை பல் தேய்த்தால் அதற்கும் யோசனை சொல்வார்.

"அண்ணி, பல்லு முளைச்ச நாள்லேர்ந்து நான்தான் தேய்க்கிறேன்" என்று ஒருநாள் அவள் பொறுக்க முடியாமல் சொன்னாள். "உங்களுக்கு ஏதாவது வேலை வேணும். நாங்க ரெண்டு பேரும் உங்களுக்கு வேலை இல்ல."

அந்த வாரம்தான் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மறந்துபோன ஒரு கூடை அகப்பட்டது. உள்ளே சுருங்கிப்போன உருளைக்கிழங்குகள். ஒவ்வொன்றிலும் ஊதா நிறத்தில் கொழுத்த முளைகள். "அய்யோ அண்ணி, கை நீட்டுது!" என்று கூடையைத் தூர எறியப் போனாள் தங்கை.

"எறியாதே, இங்க கொண்டா" என்றார் அக்கா. மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "உயிரோட இருக்குற ஒண்ணைக் குப்பையில போடுறதா? கொல்லை சும்மாதானே கிடக்கு."

மறுநாளே விதைக் கடைக்கு ஃபோன் போட்டு, ஒரு மணி நேரம் கடைக்காரரின் உயிரை வாங்கி, செய்ய வேண்டியதையெல்லாம் தெரிந்துகொண்டார். பெரிய கிழங்கை வெட்டித்தான் நட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் முளை கிளம்பும் ஓரிரு கண்கள் இருக்க வேண்டும். வெட்டிய பக்கம் காய வேண்டும். கண் என்றதும் கிழங்கும் கத்தியும் கணவர் கைக்குப் போயின.

"கண்ணு பாக்குறது உங்க தொழில்தானே? பாத்து வெட்டுங்க."

"என் தொழில்ல கண்ணை வெட்ட மாட்டாங்கம்மா" என்றார் அவர். ஆனாலும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கடையில் கண்ணாடி அறுக்கும்போது காட்டும் அதே கவனத்தோடு வெட்டினார். துண்டுகளின் மேல் சாம்பல் தடவிப் பழைய செய்தித்தாளில் பரப்பினார்கள். சமையலறையில் ஒரு மூலை முழுக்க அதுதான். யாரும் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு.

பள்ளம் தோண்டிய ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு பொத்தான்கூடத் தைக்கவில்லை. கொல்லை நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா. இன்னொரு நாற்காலியில் கட்டுப் போட்ட கால். எதிரே மண்வெட்டியோடு கணவர்.

"நேரா போங்க. நேரா. இடது பக்கம் ஒடிக்காதீங்க. தூரத்துல பாருங்க, மண்வெட்டியவே பாக்காதீங்க. ஒரு சாண் ஆழம் வேணும். நிறுத்துங்க, நிறுத்துங்க!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். தோண்டிய பள்ளம் மதிலை நோக்கி அழகாக வளைந்து போயிருந்தது. "ரிவர்ஸ் எடுக்கட்டுமா?" என்று கேட்டார். ஜன்னலில் நான் சிரித்தது கீழே கேட்டுவிட்டது. "நீ மேல உக்காந்து சிரிக்காதே, இறங்கி வந்து செங்கல் பொறுக்கு" என்றார் அக்கா. போனேன். வீடு கட்டியவர்கள் உடைந்த செங்கலையும் சிமெண்ட் கட்டியையும் அந்த மண்ணுக்குள்தான் போட்டு மூடியிருந்தார்கள். நானும் தங்கையும் பொறுக்கிப் போட்டதில் மதிலோரம் ஒரு குன்று எழுந்தது. பிறகு கண் மேலே பார்க்கும்படி துண்டுகளை வைத்து, மண்ணைத் தள்ளி மூடினோம். வளைந்த பள்ளம் வளைந்தபடியே இருந்தது.

அதன் பிறகு அக்காவுக்குப் பொறுமையில்லை. தினமும் காலையில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, ஓரிடத்தில் விரலால் மண்ணைக் கிளறிப் பார்ப்பார். "அதைத் தூங்க விடேன்" என்று கணவர் சொன்னால், "தூங்குதா செத்துப்போச்சான்னு பாக்க வேண்டாமா?" என்பார். ஒருநாள் காலை, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கூச்சல். கரும்பச்சையில் சுருண்ட இலைகள் மண்ணைப் பிளந்துகொண்டு வந்திருந்தன. தங்கை பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு ஓடி வந்தாள். கணவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தார்.

செடி முழங்கால் உயரம் வளர்ந்ததும், தண்டின் அடியில் இரண்டு பக்கமும் மண்ணை அணைத்துக் கரை மாதிரி உயர்த்தினார்கள். வெள்ளைப் பூக்கள் வந்தன. அக்கா செடிகளோடு பேச ஆரம்பித்தார். "அவசரப்படாதே, மெதுவா வா" என்று அவர் சொல்வதைக் கேட்டு எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என்னிடம் ஒருநாளும் அவ்வளவு இதமாகப் பேசியதில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. நிற்காமல் கொட்டியது. கணவர் குடையை மனைவிக்குப் பிடிக்காமல் செடிக்குப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சியை என் கண்ணால் பார்த்தேன். பிடித்து என்ன பயன்? அணைத்த மண் கரைந்து வழிந்தது. மழை விட்டுச் சில நாள் வெயில் அடித்த பிறகு பார்த்தால், தண்டின் அடியில் சில கிழங்குகள் வெளியே தலை காட்டிக்கொண்டிருந்தன. அக்கா ஆசையாக எடுத்தார். வெயில் பட்டு, எல்லாம் பச்சையாகியிருந்தது.

"அண்ணி, பச்சையான கிழங்கு விஷம். சாப்பிடவே கூடாது" என்றாள் தங்கை, மெல்ல. மருந்துக்கடைக்காரி சொன்னால் மறுபேச்சு இல்லை. முதல் கிழங்குகள் குப்பைக்குப் போயின. அடுத்த சில நாட்களில் இலைகளும் மஞ்சளாகித் தொங்க ஆரம்பித்தன.

அதே சமயம் மருத்துவமனையிலும் நல்ல சேதி இல்லை. எலும்பு கூடுவது மெதுவாக இருக்கிறது, பயிற்சிப் பள்ளிக்குப் போவதை இன்னும் தள்ளிப்போடுங்கள் என்றார்கள். அன்று சாயங்காலம் அக்கா கொல்லையில் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் மேலிருந்து கூப்பிட்டேன்.

"என்னக்கா, பேச்சையே காணோம்?"

"என்னத்தப் பேச? எனக்குத் தெரிஞ்சது வண்டி ஓட்டுறது ஒண்ணுதான். அதுவும் இப்ப இல்ல. இது என்னமோ வரும்னு நெனச்சேன், இதுவும் வாடிப்போச்சு."

அதன் பிறகு சமையலறையிலிருந்து குரலே வரவில்லை. கண்ணாடிக்காரர் பாலைப் பொங்கவிட்டார். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாராம், ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். "அண்ணி திட்டுனாகூட நல்லா இருக்கும்போல இருக்கு" என்று தங்கை என்னிடம் வந்து கண் கலங்கினாள்.

விதைக் கடைக்காரர் சொல்லியிருந்த கணக்குப்படி கிழங்கு எடுக்க வேண்டிய ஞாயிறு நெருங்கியது. அதற்கு முதல் நாள் விடிந்ததும் நான் பள்ளிச் சீருடை ஒன்றுக்கு மடிப்புத் தைக்க உட்கார்ந்தேன். கீழே கண்ணாடிக்காரர் பூனை நடை நடந்து வந்தார். கையில் சிறிய கொத்துக்கரண்டியும் ஒரு பையும். முதல் செடியின் அடியில் குத்திக் கிளறி, பையிலிருந்து சிவப்புத் தோல் உருளைக்கிழங்குகளை எடுத்து உள்ளே வைத்து மூடினார். மண்ணைத் தட்டிச் சமமாக்கிவிட்டு, திருடனைப் போல நான்கு பக்கமும் பார்த்தார். மேலே மட்டும் பார்க்கவில்லை.

மதியம் அக்காவைக் கூட்டிக்கொண்டு அவர் மருத்துவமனைக்குப் போனார். வண்டி தெரு முனையைத் தாண்டியிருக்காது, தங்கை கொல்லைக்கு வந்தாள். அவள் கையிலும் ஒரு பை! அவள் அண்ணன் கிளறியதற்கு அடுத்த செடியைத் தேர்ந்தெடுத்தாள். வெள்ளை வெளேர் என்று நீளமான கிழங்குகள். அண்ணனுக்குத் தங்கை தப்பாமல் பிறந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. இரண்டு பேர் இவ்வளவு பாடுபட்டுச் செய்த காரியத்தைக் கெடுக்க எனக்கென்ன உரிமை?

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா அவ்வளவு உற்சாகமாக இல்லை. முக்காலியில் உட்கார்ந்து முதல் செடியைப் பிடித்து இழுத்தார். வாடிய தண்டு மட்டும் கையோடு வந்தது. மண்ணுக்குள் கைவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பளபளவென்ற சிவப்புக் கிழங்குகள் வெளியே வந்தன.

"ஆகா! பாத்தியா, பாத்தியா!" என்று கை தட்டினார் கணவர், கொஞ்சம் அதிகமாகவே. தங்கையின் முகத்தில் குழப்பம். அக்கா ஒரு கிழங்கை முகர்ந்து பார்த்தார். நட்டது பழுப்புத் தோல் கிழங்கு. அவர் அடுத்த செடிக்கு நகர்ந்தார். அங்கே மண்ணுக்குள்ளிருந்து வெள்ளைக் கிழங்குகள் வந்தன. கடைசியாக வந்ததில் கடையின் விலைச்சீட்டு ஒட்டியபடியே இருந்தது.

அக்கா அதை உயர்த்திப் பிடித்தார். "என்னங்க, இந்தச் செடி நமக்குத் தெரியாம கடையில வேலைக்குப் போய்ட்டு வருதா?"

"நான் வெச்சது சிவப்பு மட்டும்தான்!" என்று உளறிவிட்டுக் கணவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணா, நீயுமா?" என்றாள் தங்கை. "சீட்டு எல்லாத்தையும் கிழிச்சேனே, எப்படி ஒண்ணு தப்பிச்சுது?"

பிறகு அக்கா சிரிக்க ஆரம்பித்தார். முக்காலி ஆடியது. கண்ணில் நீர் வழிய, மண் கையாலேயே துடைத்து முகமெல்லாம் சேறாக்கிக்கொண்டு சிரித்தார். "ரெண்டு பேரும் சேந்து என்னை ஏமாத்தியிருந்தாலாவது ஒரு நிறம் பாத்து வாங்கியிருப்பீங்க. தனித்தனியா வேற ஏமாத்துறீங்களே!" சிரித்துக்கொண்டே தங்கையைப் பக்கத்தில் இழுத்துத் தலையில் முட்டினார். கணவரை நிமிர்ந்து பார்த்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் விடவில்லை.

"சரி, எல்லாரும் நகருங்க" என்றார் பிறகு. "என் கிழங்கு எங்கே?"

அதே குழிக்குள் முழங்கை வரை கையை விட்டார். முகம் மாறியது. கையை எடுத்தபோது உள்ளங்கையில் நான்கைந்து கிழங்குகள். எலுமிச்சை அளவு சில, கோலிக்குண்டு அளவு சில, ஒன்று மட்டும் கைப்பிடி நிறைய. பழுப்புத் தோல், கட்டை விரலால் தேய்த்தாலே உரிந்தது. மேலே கிடந்தவை மட்டும்தான் மழைக்கும் வெயிலுக்கும் போயிருந்தன. அடியில் இருந்தவை சத்தம் போடாமல் வளர்ந்திருந்தன.

அதற்கப்புறம் ஒருவரும் சும்மா நிற்கவில்லை. நான்கு பேரும் மண்ணில் உட்கார்ந்து அந்த வளைந்த பாத்தியைக் கடைசி வரை கிளறினோம். வாளி நிறைந்தது. முதல் செடியின் கிழங்குகளில் சில இரண்டாக வெட்டுப்பட்டிருந்தன. அக்கா ஒன்றை எடுத்துக் கணவர் முன்னால் நீட்டினார்.

"இது உங்க கரண்டி வேலை. எனக்குக் கிழங்கு வெக்கிறேன்னு என் கிழங்கையே வெட்டியிருக்கீங்க."

"கண்ணு இருக்கான்னு பாக்காம வெட்டிட்டேன்" என்றார் அவர் பணிவாக.

எல்லாவற்றையும் கழுவி, உப்புப் போட்ட தண்ணீரில் தோலோடு வேகவைத்தோம். சமையலறையில் அக்காவின் குரல் திரும்பி வந்திருந்தது. "மூடியை நகத்துங்க. முழுசாத் திறக்காதீங்க. இந்தப் பக்கம் நீராவி வருது, கையைப் பாருங்க!" கணவர் ஒவ்வொன்றுக்கும் சந்தோஷமாகத் தலையாட்டினார். மேசையில் அக்கா தன் கிழங்குகளைத் தனியே ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, கடைக் கிழங்குகளை மற்ற இருவர் தட்டிலும் போட்டார். "அவங்கவங்க வெச்சதை அவங்கவங்க சாப்பிடுங்க."

"நான் எதுவும் வெக்கலையே அக்கா" என்று என் தட்டை நீட்டினேன்.

"உன் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்று எனக்கும் ஒரு சிவப்புக் கிழங்கைப் போட்டார். அப்புறம் எங்கள் முகங்களைப் பார்த்து மனமிரங்கி, கிண்ணத்தை நடுவில் தள்ளினார். வெண்ணெய் தடவி, மிளகுத் தூள் தூவிச் சுடச்சுடச் சாப்பிட்டோம். கடையில் வாங்கியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை.

கணுக்கால் மெதுவாகத்தான் தேறியது; ஆனால் தேறியது. அக்கா மறுபடி வெள்ளைக் காரில் ஏறிவிட்டார். காலி பாத்தியில் அடுத்து என்ன போடுவது என்பதுதான் இப்போது அந்த வீட்டில் பேச்சு. கணவருக்குத் தக்காளி, தங்கைக்குப் பூச்செடி, அக்காவுக்கு அவரை. இன்று காலையும் மூன்று பேரும் கொல்லையில் நின்று ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் சொன்னதும் யாருக்கும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. எனக்கு எல்லாம் கேட்டது.