ராசம்மா குடிபோன அறை

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவதில் அழகனுக்கு நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களில் நல்ல பெயர். பொண்டாட்டியைப் பூட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போகிறவன் என்ற பெயரும் கூடவே இருந்தது. அப்படிச் சொன்னவர்களில் ஒருத்தராவது ஒரு பகல் வந்து ராசம்மாவோடு இருந்ததுண்டா? கிடையாது. அவளுக்கு மட்டும் கேட்கும் குரல்கள் கூப்பிட்டால் எழுந்து போய்விடுவாள். ஒருமுறை வெள்ளம் வந்த ஆற்றின் நடுக்கல்லில் நின்றவளைத்தான் தூக்கிவந்தார்கள். அன்றிலிருந்து, தோட்டத்து வரிசைவீடான லயத்தில் அவர்கள் அறைக்கு வெளியே பூட்டு. கிளினிக் மாத்திரை ஓரளவுக்குத்தான் கேட்டது.

அந்தச் சமயத்தில்தான், லயத்துக்கு மேலே கைவிட்ட தேயிலை மலையொன்றில் மனநோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒரு வளாகம் எழும்பப்போகிறது என்றார்கள். கமிட்டித் தலைவர் ஹார்ட்வெயார் கடை இஸ்ஸதீன் முதலாளி. வெயிலில் கரண்ட், மழையில் தண்ணீர், சொந்தத் தோட்டத்து மரக்கறி, உள்ளே இருப்பவர்களே தைத்து விற்கும் துணி. யார் தயவும் இல்லாமல் காலத்துக்கும் நிற்கும் என்று மேடையில் சொன்னார். அழகனுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. பகலில் ராசம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும், பூட்டு வேண்டாம். அது ஒன்றே போதும் அவனுக்கு.

"புது எடம்னா பயந்துருவாங்க. கட்டும்போதே கூட்டிட்டு வந்து பழக்குங்க," என்றார் வளாகத்துக்கென்று முன்கூட்டியே வந்திருந்த தாதி நிஷாந்தி. அழகன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். முதலில் ராசம்மா லயத்து வாசலைத் தாண்டவே மறுத்தாள். கெஞ்சினான், பாட்டுப் பாடினான், வடை வாங்கிக் கொடுத்தான். ஞாயிறு தவறாமல் அழைத்துப்போய், அறைக்காகத் தரையில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடுகளைக் காட்டினான். "இதான் கதவு. இப்படித்தான் உள்ள வரணும். இது ஒன்னோட கட்டில். இந்தப் பக்கம் ஜன்னல்." அத்திவாரம் முழங்கால் உயரம் வந்தபோது, கதவுக்காக விட்டிருந்த இடைவெளியை அவளே கண்டுபிடித்து நுழைந்தாள். அன்று சந்தோஷத்தில் அவன் அழுதேவிட்டான்.

அத்தோடு வேலை நின்றது. சீமெந்து விலை எங்கேயோ போனது. வெளிநாட்டிலிருந்து உதவியவர்கள் கையை விரித்தார்கள். அடிக்கல் நாட்டும் படத்தில் முண்டியடித்து நின்றவர்களில் ஒருத்தரும் அதன் பிறகு அகப்படவில்லை. அழகன் கடைக்கு ஓடினான்.

"மொதலாளி, அந்த ஒரு ரூமுக்காவது தகரம் போட்டுக் குடுங்க."

"தகரம் நானே போட்டுத் தந்துருவேன் அழகன். பாத்துக்கிற ஆளுக்கு எங்க போறது? நிஷாந்தியும் போயிட்டாங்களே." இஸ்ஸதீன் தலையைக் குனிந்துகொண்டார். அவரைத் திட்டவும் அழகனுக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் ராசம்மாவுக்கு யார் எடுத்துச் சொல்வது? ஒரு நாள் காலை, அவன் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தபோது, துணிகளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறிவிட்டாள். நேரே போய் அந்த அறையில், கட்டில் வரும் என்று அவன் காட்டிய இடத்தில் உட்கார்ந்தாள். அழகன் குடையும் கையுமாகப் பின்னாலேயே ஓடினான். மழை பிடித்துக்கொண்டது.

"வேல நின்னுபோச்சு ராசம்மா. வீட்டுக்குப் போவோம், வா புள்ள."

"இதான வீடு? நீங்கதான சொன்னீங்க."

கையைப் பிடித்து இழுத்தான். அவள் போட்ட அலறலில் விட்டுவிட்டான். கீழே வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். போய்ப் பெயர் கொடுக்காவிட்டால் இன்றைக்கு வேலை இல்லை. விட்டுவிட்டுப் போனால் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. ஒரு வருஷமாகச் சொல்லிக்கொடுத்ததை எப்படித் திரும்பப் பிடுங்குவது? அத்திவாரத்துக்கு வெளியே நின்றபடியே கையை நீட்டி, அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்தான்.

ராசம்மா நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"வீட்டுக்குள்ள யாராச்சும் கொடை புடிப்பாங்களா? மடக்கிட்டு உள்ள வாங்க."

அழகன் குடையை மடக்கினான்.