காரணம் சொன்னால் மாற்றிக்கொள்பவர்

அந்த அட்டவணையைச் சரிபார்த்தது நான்தான் என்று அன்று நான் சொல்லவில்லை. ஆசிரியர் மன்றக் கூட்டத்தில் முதல்வர் நேராகவே கேட்டார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் மல்லிகா மேடம் இருந்தார். நான் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன்.

போன மாதம் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தபோது, மல்லிகா மேடம் இறந்துவிட்ட செய்தி கல்லூரி வாட்ஸப் குழுவில் வந்தது. மூளையில் ரத்தக்கசிவு. ஈரோட்டுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயது. பக்கத்து மேசைக்காரர், "யாருங்க?" என்று கேட்டார். "எங்க எகனாமிக்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த தாளைத் திருத்தி முடித்தேன். குமாரபாளையத்தில் அவர் தெருவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு தறியும் ஓடவில்லை. அந்தத் தெருவை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததே இல்லை.

அவரோடு வேலை செய்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் முதலில் நினைவுக்கு வருவது அவர் குரலாகத்தான் இருக்கும். விசைத்தறி வீட்டில் பிறந்து விசைத்தறி வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டவர். நூலகத்தில் அவர் ரகசியம் பேசினால் வாசலில் செருப்பு மாட்டுகிறவருக்குக் கேட்கும். "கொஞ்சம் மெதுவாங்க" என்றால், "எங்க ஊட்ல மெதுவாப் பேசுனா சோறு கெடைக்காதுங்க" என்பார். அவர் பொருளியல், நான் புள்ளியியல். திருச்செங்கோட்டுப் பக்கம் உள்ள எங்கள் கல்லூரிக்கு ஆறு வருடம் ஒரே பேருந்தில், ஒரே இருக்கையில் போய்வந்தோம்.

மூன்றாமாண்டு மாணவர்களின் கள ஆய்வுப் பாடம் அவருடையது. ஒரு வருடம், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளில் வேலை செய்கிறவர்களின் காது கேட்கும் திறனைப் பற்றி விசாரிக்கச் சொன்னார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது ரிக் வண்டியோடு வடக்கே போய் வந்திருப்பார்கள். ஒரு வீட்டுக்கு நானும் கூடப் போனேன். மாணவி ஒருத்தி, "அண்ணா, உங்களுக்குக் காது நல்லாக் கேக்குதுங்களா?" என்று தொடங்கினாள். அந்த வீட்டுக்காரர் வாய் திறக்கும் முன்னால் அவர் மனைவி உள்ளேயிருந்து பதில் சொன்னார்: "நாங் கூப்புட்டாக் கேக்காது கண்ணு. கறி வெந்துருச்சுன்னா மட்டும் கேக்கும்." எல்லாரும் சிரித்தோம். மல்லிகா மேடம் சிரித்துக்கொண்டே அந்தக் கேள்வித்தாளை வாங்கி, ஓரத்தில் குறித்துக்கொண்டே மாணவர்களிடம் சொன்னார்: "இனிமே ஆள மட்டும் கேட்டாப் பத்தாது. ஊட்ல இருக்கறவங்களயும் தனியாக் கேளுங்க."

அறிக்கையைக் கல்லூரியில் படித்த நாளில் முன்வரிசையில் எங்கள் அறங்காவலர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கே ரிக் வண்டிகள் உண்டு. பாதியில் எழுந்தார். "ஏனுங் மேடம், வண்டிய உட்டு எறங்குன மறுநாளே போய்க் கேட்டா யாருக்குங்க காது கேக்கும்? ரெண்டு வாரம் உட்டுக் கேட்டீங்களா?"

மாணவர்கள் மேடத்தைப் பார்த்தார்கள்.

"கேக்கலீங்க," என்றார் அவர். "நீங்க சொல்றது சரி. இது எங்க தப்பு. திரும்பப் போறோம்."

அத்தோடு அறிக்கையை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிட்டார். அன்று மாலை பேருந்தில் எனக்குத்தான் ஆறவில்லை. பிள்ளைகள் எத்தனை வாரம் வெயிலில் அலைந்தார்கள், அந்த அறங்காவலர் ஒரே வரியில் கவிழ்த்துவிட்டாரே என்றேன். "காரணத்தோட சொன்னாருங்க. அவரு ஓனரா இருந்தா என்ன, காரணம் காரணந்தான்" என்றார்.

மறுபடியும் போனார்கள். ஊர் திரும்பி இரண்டு வாரம் ஆனவர்களை மட்டும் பார்த்தார்கள். முதல் அறிக்கையைவிடப் பாதிப்பு குறைவாகவே தெரிந்தது. ஆனால் மறைந்துவிடவில்லை. பல வருடம் வண்டியில் இருந்தவர்களிடம் தெளிவாகவே இருந்தது. அட்டவணையை என்னிடம் கொடுத்து, "தப்பு இருக்குன்னு நெனச்சுட்டே பாருங்க" என்றார். இரண்டு நாள் அப்படியேதான் பார்த்தேன். தப்பு இல்லை.

இதற்கிடையே வணிகவியல் ஆசிரியர் ஒருவர் தன் வகுப்பில், இது தொழிலைக் கெடுக்கிற ஆய்வு என்று பேசினார். மாணவர்கள் கொதித்துப்போய், வராந்தாவில் நின்றிருந்த எங்களிடம் வந்தார்கள். "பிரின்சிபால்கிட்டப் புகார் குடுத்தர்லாங்க மேடம்."

"எதுக்கு? அவரு வகுப்புல அவரு நெனைக்கறதச் சொல்றாரு. அவரு வாய மூடச் சொல்லிட்டு நாம எந்த மூஞ்சில பேசறது? கணக்க எடுத்துட்டுப் போயி மறுத்துப் பேசுங்க. சண்டைக்குப் போற மாதிரி போவாதீங்க, சாமி."

கல்விச் சுதந்திரம் என்ற சொல்லைக் கருத்தரங்க அழைப்பிதழ்களில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடிக்காததைச் சொல்கிறவருக்கும் சேர்த்துத்தான் அதைக் கேட்க வேண்டும் என்பது அந்த வராந்தாவில்தான் எனக்கு விளங்கியது.

திருத்திய அறிக்கை கல்லூரி ஆய்விதழுக்குப் போயிற்று. அச்சுக்குப் போகும் முன் ஆசிரியர் மன்றம் கூடியது. அறிக்கையை நிறுத்திவைப்பது என்றும், இனி எந்தக் கள ஆய்வுக்கும் நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும் என்றும் தீர்மானம் ஏற்கெனவே தட்டச்சாகி வந்திருந்தது. முதல்வர் கெட்டவர் அல்ல. படிக்கும்போது அவர் தலை நிமிரவில்லை.

மல்லிகா மேடம் எழுந்தார். "என்ன தப்புன்னு சொல்லுங்க, நாளைக்கே மாத்தறேன். போன தடவ மாத்துனத எல்லாரும் பாத்தீங்க. காரணம் சொல்லாம எடுன்னா, எடுக்க முடியாதுங்க சார்."

"அட்டவணையை உங்க துறைக்கு வெளிய யாராச்சும் சரிபார்த்தாங்களா மேடம்?" என்று முதல்வர் கேட்டார். அறிக்கையைக் காப்பாற்ற அவர் ஒரு வழி தேடினார் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

"பாத்தாங்க. பேரு நாஞ் சொல்ல மாட்டேன். அவங்க சொல்றதா இருந்தாச் சொல்லட்டும்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. என் பணி உறுதி ஆணை அந்த மாதம் வர வேண்டியிருந்தது. முதல்வர் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பதிவேட்டைச் சுற்றுக்கு விட்டார். 'ஏகமனதாக' என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துகள் வரிசையாக இறங்கிவந்தன. மல்லிகா மேடம் தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் 'நான் உடன்படவில்லை' என்று எழுதி என்னிடம் தள்ளினார். மை காயவில்லை. அதில் கை படாமல் என் பெயரை எழுதினேன்.

மாலையில் பேருந்தில் வேறு இருக்கைக்குப் போனேன். "ஏனுங்க, அங்க வெயிலடிக்கும். இங்க வாங்க" என்று அந்தக் குரலில் கூப்பிட்டார். ஓட்டுநரே திரும்பிப் பார்த்தார். எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சங்ககிரி தாண்டியதும் ஏதோ மன்னிப்பு மாதிரித் தொடங்கினேன்.

"உடுங்க," என்றார். "தைரியசாலி எங்கயும் பேசிருவான். அவனுக்கு எதுக்குங்க சட்டமும் சுதந்திரமும்? உங்கள மாதிரி, என்னய மாதிரி, பயந்தவங்களும் தெரிஞ்சதச் சொல்றாப்புல ஒரு எடம் வேணும். காலேஜுன்னா அதுதான? அது இல்லாததுக்கு உங்களத் திட்டி என்ன பண்றது?"

அவருக்கும் பயம் இருந்தது என்பதை அதுவரை நான் யோசித்ததில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்களை அப்போதுதான் கவனித்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கம். மதிப்பெண் தப்பு என்று யாராவது வந்தால் காரணம் கேட்கிறேன். காரணம் சரியாக இருந்தால் மற்றவர்கள் பார்க்க, அந்த இடத்திலேயே திருத்துகிறேன். முதல் முறை கை கூசியது. இப்போது இல்லை. அவரிடம் இருந்ததில் இது மிகச் சிறிய பகுதி என்று எனக்குத் தெரியும்.

அறிக்கை அந்த இதழில் வரவில்லை. எனக்குப் பணி உறுதி ஆணை வந்தது. அடுத்த பருவத்தில் கள ஆய்வுப் பாடத்தை அவரிடமிருந்து எடுத்து எனக்குக் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். மூன்று வருடமாக மாணவர்கள் நூலகத்தில் உள்ள புள்ளிவிவரங்களை வைத்து அறிக்கை எழுதுகிறார்கள். யாரையும் நேரில் போய்ப் பார்ப்பதில்லை.