கண்டக்டரக்காவின் பிரசங்கம்

அந்த வேதாகமப் பள்ளியில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்றே பேர். அவர்களில் மூத்தவள் அவள்தான். நாற்பதைத் தாண்டியவள். பேருந்துக் கண்டக்டர் வேலையை உதறிவிட்டு, கடல் கடந்து படிக்க வந்திருந்தாள். மற்ற இருவரும் 'கண்டக்டரக்கா' என்று கூப்பிட, அது விடுதி முழுக்கப் பரவி, தமிழ் வாடையே படாத பெண்கள்கூட நாக்கைச் சுழற்றி அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுதான் அவளுடைய ஞானஸ்நானப் பெயர் என்று நம்பியவர்களும் உண்டு.

அவள் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்படியில் தொங்குகிறவனை முன்படியிலிருந்தே உள்ளே இழுத்துப் போடுகிற குரல். நூலகத்தில் அவள் ரகசியம் பேசினால் அடுத்த மேசைக்காரர்கள் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து போவார்கள்.

கல்யாணம் என்று ஒன்று கூடி வரவில்லை. அவளும் அதைத் துரத்திக்கொண்டு போகவில்லை. அண்ணன் ஒருவர்தான் உறவு. ஊரில் ஒரு சபைக்குப் போதகர். அவர்தான் சிபாரிசு செய்து அனுப்பினார். "படிச்சிட்டு வாம்மா, ஞாயிறு பள்ளியை உன் கையில குடுத்துடறேன். பிள்ளைங்க உன் சத்தத்துக்கே அடங்கிடும்" என்றார். தலையை ஆட்டினாள். மனசுக்குள் ஓடிய ஓட்டம் வேறு. வருஷக் கணக்காக அண்ணனின் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டே, 'இங்கே நிறுத்தியிருக்கணும், இங்கே திரும்பியிருக்கணும், இந்த இடத்துல ஜனங்களை இறக்கி விட்டுட்டாரே' என்று உள்ளுக்குள் பேசிக்கொண்டவள் அவள். அவளுக்குப் பீடத்தில் நின்று பேச வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

முதல் வருஷம் மூச்சுவிட நேரமில்லை. மூன்றாம் மாடியில் இரண்டு பேருக்கு ஓர் அறை. கதவு சாத்தாத அலமாரியைக் கட்டிவைக்க ஒரு துணிக்கயிறு. ஜன்னலைத் திறந்தால் வண்டி நிறுத்துமிடம். காலையில் பெண்கள் சமையலறையில் காய் நறுக்கிவிட்டு வகுப்புக்குப் போக வேண்டும். ஆண்களுக்குச் சிற்றாலயத்தில் நாற்காலி அடுக்கும் வேலை. கிரேக்க எழுத்துகள் எறும்பு வரிசை மாதிரி கண்ணில் ஊர்ந்தன. அவற்றைத் துண்டுத் துண்டாக எழுதி முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டினாள். தலை வார நின்றால் தலை தெரியாது, கிரேக்கம்தான் தெரியும். அறைத்தோழி முணுமுணுத்துக்கொண்டே ஜன்னல் கண்ணாடியில் பார்த்து வாரிக்கொண்டாள். ஆங்கிலம் இன்னும் மோசம். அவளிடம் இருந்தது வண்டிக்குள் தள்ளுமுள்ளுக்குப் போதுமான ஆங்கிலம். அதை வைத்துக்கொண்டு இறையியல் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது, அகப்பையால் கிணறு வெட்டுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் வெட்டினாள். தேறினாள்.

இரண்டாம் வருஷம் பிரசங்க வகுப்பு. சேரப் போனாள். முதல்வர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, பாகில் முக்கியெடுத்த மாதிரி இனிப்பாக 'முடியாது' என்றார்.

"சகோதரி, இந்த வகுப்பு சகோதரர்களுக்கு. உங்களுக்குக் குடும்ப ஊழியம், சிறுவர் ஊழியம் இருக்கு. அதுவும் உயர்ந்த அழைப்புதான்."

"உயர்ந்த அழைப்புன்னா அதுல ஏன் ஐயா ஒரு சகோதரரும் இல்ல?"

முதல்வர் தேநீரைக் கலக்கினார். அதில் சர்க்கரை ஏற்கெனவே கரைந்திருந்தது.

அடுத்த வாரம் அவள் பிரசங்க வகுப்பின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். பேராசிரியர் வழுக்கைத் தலையும் தொளதொள கோட்டுமாக ஒருவர். அவளைப் பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. வருகை எடுக்கும்போது அவள் பேர் வராது. கேள்வி கேட்டால் அவள் தூக்கிய கைப் பக்கம் திரும்ப மாட்டார். அவளும் விடவில்லை. ஒவ்வொரு வாரமும் கையைத் தூக்கினாள். தூக்கிய கை வலித்தால் மறுகையைத் தூக்கினாள்.

அந்த மூன்று தமிழர்களில் ஒருவன், அவள் 'தம்பி' என்று கூப்பிடுகிற வாலிபன், அதே வகுப்பில் இருந்தான். ஆங்கிலம் தண்ணீராக ஓடும். ஆனால் சொல்ல விஷயம் இருக்காது. சிற்றாலயத்தில் எல்லார் முன்னாலும் பிரசங்கம் செய்ய அவன் முறை வந்தபோது, சாப்பாட்டுக் கூடத்தில் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான். தட்டில் இருந்ததைத் தொடவில்லை.

"அக்கா, ஒரு பிரசங்கம் குடுங்கக்கா. மானம் போயிடும்."

"நான் என்ன கடையா வச்சிருக்கேன்?"

"உங்ககிட்ட நிறைய இருக்குன்னு எனக்குத் தெரியும்க்கா."

இருந்தது. யார் காதிலும் விழாமல் உள்ளேயே கிடந்தது. யார் வாயில் வந்தால் என்ன, ஒருமுறையாவது அந்தச் சிற்றாலயத்தில் அது ஒலிக்கட்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. "ஒண்ணே ஒண்ணு. ஆரம்பத்துலயே 'இது அக்காவோடது'ன்னு சொல்லிடணும்" என்றாள். "சத்தியமா" என்றான். வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி அவள் தமிழில் சொல்லச் சொல்ல, அவன் ஆங்கிலத்தில் கைப்பேசியில் தட்டிக்கொண்டே வந்தான்.

பிரசங்கம், மகளுக்குச் சுகம் கேட்டு இயேசுவின் பின்னால் கத்திக்கொண்டே போன வேற்று இனத்துப் பெண்ணைப் பற்றியது. சீஷர்கள் அவளைத் துரத்தப் பார்க்கிறார்கள். இயேசுவும் முகத்தில் அடித்தாற்போல் ஒரு பதில் சொல்கிறார். அவள் போகவில்லை. எதிர்வாதம் பண்ணுகிறாள், ஜெயிக்கிறாள். 'ஆண்டவரே தோற்றுப்போகச் சம்மதித்த ஒரு வாக்குவாதம் உண்டென்றால், அது வாயை மூடு என்று சொல்லப்பட்ட ஒரு பெண்ணோடுதான்' என்று முடித்திருந்தாள்.

தம்பி அழகாகப் பேசினான். அவள் சொல்லிக் கொடுத்த இடத்தில் நிறுத்தினான், சொல்லிக் கொடுத்த இடத்தில் குரலைத் தாழ்த்தினான். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் சொன்னான். 'அக்காவோடது' என்பதை மட்டும் விழுங்கிவிட்டான்.

முதல்வர் எழுந்தார். "இந்த வருஷம் இந்தப் பீடத்தில் இப்படியொரு செய்தி வரவில்லை. இந்த வாலிபன் மூலமாக ஆண்டவர் நம்மோடு பேசினார். என்ன ஆழம்! என்ன துணிச்சல்!"

பெண்கள் வரிசையிலிருந்து அவள் எழுந்து நின்றாள்.

"நன்றி ஐயா" என்றாள்.

முதல்வருக்குப் புரியவில்லை. தம்பிக்குப் புரிந்துவிட்டது. முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"அது என்னோட பிரசங்கம். அதான் நன்றி சொல்றேன்." குரலைத் தாழ்த்தத்தான் பார்த்தாள். அந்தக் குரல் எங்கே தாழும்? கடைசி நாற்காலிவரை போய்ச் சேர்ந்தது.

மறுநாள் விசாரணை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் முதல்வர், விடுதிக் காப்பாளர், பிரசங்கப் பேராசிரியர். இந்தப் பக்கம் அக்காவும் தம்பியும். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு பேரும் சேர்ந்து யோசிச்சோம். கருத்து கொஞ்சம் அவங்களோடது. மொழி என்னோடது" என்றான்.

அவள் அவன் பக்கம் திரும்பி, தமிழிலேயே சொன்னாள்: "தம்பி, உடம்பு என்னோடது, சட்டை உன்னோடது. நேத்து பேசினது சட்டையாடா?"

பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, "ஐயா, வேதத்துல எந்தப் பகுதியை வேணும்னாலும் குடுங்க. மதியத்துக்குள்ள தயார் பண்ணி உங்க மூணு பேர் முன்னால பேசறேன். என்னோடதா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"அது முடியாது. ஒரு சகோதரியின் பிரசங்கத்தை நாங்கள் உட்கார்ந்து கேட்பதே விதிக்கு எதிரானது."

"கேட்டாலே உடையுதுன்னா அது விதி இல்ல ஐயா, காதுல அடைச்ச பஞ்சு."

காப்பாளருக்கு மூக்கு சிவந்தது. ஆராதனையைக் குலைத்ததற்குச் சபை முன் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்கு அனுப்ப வேண்டிவரும் என்றார் முதல்வர். இந்தமுறை பாகு இல்லை.

வேலையும் போச்சு, படிப்பும் போச்சு என்று போய் இறங்கினால் ஊர் வாய் சும்மா இருக்குமா? ஆனாலும் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மன்னிப்புக் கேக்க மாட்டேன். அனுப்புங்க. ஆனா எதுக்கு அனுப்பறீங்கன்னு எல்லார் முன்னாலயும் சொல்லி அனுப்புங்க. 'இவ நல்ல பிரசங்கம் எழுதினா, நாங்க பாராட்டினோம், அப்புறம்தான் இவளோடதுன்னு தெரிஞ்சுது'ன்னு சொல்லுங்க."

பேராசிரியர் இருமினார். இருமலுக்கு நடுவில் ஒரு சிரிப்பு இருந்த மாதிரி அவளுக்குப் பட்டது.

அனுப்பவில்லை. சிற்றாலயத்தில் அவ்வளவு பேர் கேட்ட பிறகு அனுப்பவும் முடியாது. பிரசங்க வகுப்பு வாசலை மிதிக்கக் கூடாது என்ற தடையோடு விட்டார்கள். செய்தி எப்படியோ அண்ணன் காதுக்குப் போய்விட்டது. போனில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உன்னை அனுப்பின எனக்கு நல்ல பேர் வாங்கிக் குடுத்துட்டம்மா! பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியும்?"

"சேவல் கூவியும் விடியறதில்லண்ணா. அது பாட்டுக்கு விடியுது. அது சேவலுக்குத்தான் இன்னும் தெரியல."

அண்ணன் போனை வைத்துவிட்டார். அவள் கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு கீழே சலவை அறைக்குப் போனாள்.

அங்கே சனிக்கிழமை காலையில் பெண்கள் கூட்டம். ஓடுகிற இயந்திரம் நிற்கும்வரை வேலையில்லாமல் காத்திருக்கிற கூட்டம். "அன்னைக்கு அந்தப் பிரசங்கத்தை உன் வாயால சொல்லேன்" என்று அறைத்தோழி கேட்டாள். இயந்திரங்கள் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு மேலே போகிற குரல் அந்தப் பள்ளியிலேயே ஒன்றுதான் இருந்தது. சொன்னாள். தட்டுத்தடுமாறிய ஆங்கிலம்தான், ஆனாலும் கேட்டார்கள். அடுத்த சனிக்கிழமை இன்னொன்று. சமையல்காரம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். ஆண்களும் வர ஆரம்பித்தார்கள், துவைத்து மடித்த சட்டைகளை மறுபடியும் துவைக்க. 'சலவை அறை துவைப்பதற்கு மட்டும்' என்று காப்பாளர் அறிவிப்பு ஒட்டினார். அன்றிலிருந்து பெண்கள் ஆளுக்கொரு கைக்குட்டை போட்டு இயந்திரத்தை ஓட விட்டுக்கொண்டு கேட்டார்கள். விதி விதிதானே!

ஒரு சனிக்கிழமை பிரசங்கப் பேராசிரியர் ஒரு ஜன்னல் திரையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். கடைசிவரை நின்று கேட்டார். "நடுவில் அவசரப்படுகிறீர்கள்" என்றார். அவள் பிரசங்கத்துக்கு அந்தப் பள்ளி கொடுத்த ஒரே திருத்தம் அது. அவள் அதை எடுத்துக்கொண்டாள். "வகுப்புலயே சொல்லியிருக்கலாமே ஐயா" என்பதையும் சொல்லித்தான் அனுப்பினாள்.

தம்பி அந்தப் பக்கம் வரவேயில்லை. படிப்பு முடிந்த அன்று படிக்கட்டில் வழிமறித்து, "அக்கா, தப்புதான்" என்றான். "தப்புதான்" என்று அவளும் ஒத்துக்கொண்டு இறங்கிப் போனாள். பட்டத்தில் 'குடும்ப ஊழியம்' என்று இருந்தது. விதி மாறவில்லை.

ஊருக்குத் திரும்பவில்லை. அந்த நகரத்தில் துப்புரவு வேலைக்கும் ஓட்டுநர் வேலைக்கும் வந்த தமிழர்கள் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். போதகர் இல்லை. அலுவலகங்கள் துடைக்கிற ஒரு பெண் வந்து, அங்கே பிரசங்கம் பண்ண வரச் சொல்லிக் கூப்பிட்டாள். அக்கா அதை அண்ணனுக்குப் போனில் சொன்னாள். "உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?" என்றார்.

"கேக்கறவங்கண்ணா."

முதல் ஞாயிறு அவள் முன்னால் போய் நின்றதும், பெரிய மீசைக்காரர் ஒருவர் எழுந்தார். "பொம்பளை பேசறதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று நாற்காலியைத் தள்ளினார். கூடவே இன்னும் இருவர். கதவு படாரென்று சாத்தியது. மிச்சமிருந்தவர்கள் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். வேதாகமத்தைத் திறந்தாள். கதவுக்கு வெளியே நிற்கிறவருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்க ஆரம்பித்தாள்.