சிங்கப்பூர்ச் சண்டையும் ஒரு சீலை முனையும்

எங்கள் உத்தியோகத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதற்குத்தான் சம்பளம். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் அந்த வாயை மூட விடுவாரைக் காணோம். கடல் கடந்து கூலிவேலைக்குப் போன நம் ஜனங்களின் க்ஷேமத்தைப் பார்க்க இந்திய சர்க்கார் வைத்திருந்த ஏஜெண்டு அலுவலகங்களில், முதலில் கண்டியிலும் பிறகு கோலாலம்பூரிலுமாக, என் ஆயுளின் நல்ல பாகம் கழிந்தது. சொந்தமாக ராஜ்யம் இல்லாத தேசத்துக்குத் தூதர் என்று யாராவது இருக்க முடியுமானால், அது நாங்கள்தான்.

ராசிபுரத்துக்கு வந்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இனி உலகம் எப்படிப் போனால் எனக்கென்ன என்று உட்கார்ந்தேன். மறு வருஷமே ஜப்பான்காரன் மலேயாவில் இறங்கிவிட்டான். அப்புறம் என் பாடு என்ன ஆகியிருக்கும் என்று, என்னைப் போல் பென்ஷனோடு ஊர் திரும்பிய அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற டாக்டரிடம் நாக்கை நீட்டுவார்கள், வக்கீலிடம் பத்திரத்தை நீட்டுவார்கள். என்னிடம் பூகோளத்தையே நீட்டினார்கள்.

கரி பஸ்ஸில் வந்த செய்தி

பெட்ரோல் கிடைக்காத காலம். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு புகைந்து புகைந்து வரும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். அதில்தான் பேப்பரும் வரும். வந்ததும் ஒரு கூட்டம் என் வீட்டு வாசலில் கூடிவிடும். படிப்பது நான், அர்த்தம் சொல்ல வேண்டியதும் நான், செய்தி மோசமாக இருந்தால் ஏச்சு வாங்குவதும் நான்தான்.

பட்டணத்தில் குண்டு விழும் என்று பெட்டி படுக்கையோடு ஓடி வந்தவர்கள், மேட்டூர் அணைமேலும் குண்டு விழப்போகிறது என்று ஒரு புரளியைக் கிளப்பிவிட்டார்கள். நெய் வியாபாரி ஒருவர் தம் டின்களையெல்லாம் கொல்லிமலைமேல் ஏற்றிவிடலாமா என்று யோசனை கேட்டார். பழக்க தோஷம், "அப்படி எண்ணுவதற்கு இப்போதைக்கு ஆதாரமில்லை" என்றேன். ஆசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. சர்க்கார் உத்தியோகஸ்தன் 'இப்போதைக்கு' என்று சொன்னால் நாளைக்கு நிச்சயம் என்று அவர் கணக்கு. மறுபடியும் நான் சமாதானம் சொல்லச் சொல்ல, அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "எங்கூருக்குப் பஸ்காரனுக்கே நேத்துத்தானுங்க வழி தெரிஞ்சுது. அந்தச் சப்பான்காரனுக்கு எவனுங்க வழி சொன்னான்?"

வெற்றிகரமான பின்வாங்கல்

அந்தக் கூட்டத்தில் முத்துக் கவுண்டர் என்று ஒருவர் உண்டு. ஊருக்கு மேற்கே சொந்தக் காடு, கிணறு, இரண்டு ஜோடி மாடு உள்ள குடும்பம். தினமும் வருவார், ஓரமாக உட்காருவார், ஒன்றும் கேட்கமாட்டார். அவருடைய மகள் பாவாயி, கல்யாணமான கையோடு புருஷனுடன் மலேயாவுக்குப் போனவள். மாப்பிள்ளைக்குத் தைப்பிங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கங்காணி வேலை. சண்டை தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பக்கத்துத் தபால் நின்றுவிட்டது.

சிங்கப்பூர் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், நம் துருப்புகள் திட்டமிட்ட இடத்துக்கு வெற்றிகரமாகப் பின்வாங்கின என்று பேப்பரில் போட்டிருந்தது. அப்படியே வாசித்தேன். அந்த மாதிரி வாக்கியங்களை நானே என் கையால் எழுதியவன். அதன் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். கப்பல்களில் யாருக்கு இடம் கிடைத்தது, யார் துறைமுகத்தில் நிற்க விடப்பட்டார்கள் என்பதும் பழைய சகாக்கள் மூலம் காதுக்கு வந்திருந்தது. தோட்டத்துக்கு ஆள் வேண்டும்போது இந்த ஜில்லாவில் கிராமம் கிராமமாக வந்து கூப்பிடத் தெரிந்தவர்களுக்கு, ஓடும்போது திரும்பிப் பார்க்கத் தெரியவில்லை. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. யுத்த காலத்துச் சட்டம் அப்படி. எல்லாரும் எழுந்து போனபிறகு முத்துக் கவுண்டர் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டார்: "செயிச்சுத்தான் திரும்பி வந்தாங்கன்னா, வரும்போது எம்புள்ளயையும் கூட்டியாந்திருக்கலாமல்லங்க சாமி?"

செல்லம்மாள் கேட்டது

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி செல்லம்மாள் வந்தார். கட்டைக் குரல், நேர்ப் பேச்சு. அந்தத் தோட்டம் எப்படி இருக்கும், நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்றார். பாவாயியை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பக்கத்துத் தோட்டங்கள் எனக்கு அத்துப்படி. வரிசை வீடுகள், பொதுக் குழாய், இருட்டோடு எழுப்பும் மணி, விடாமல் பெய்யும் மழை என்று தெரிந்ததைச் சொன்னேன். மழை என்றதும் அந்த அம்மாளுக்கு ஒரு திருப்தி. நம் காட்டில் மழைக்கு ஏங்குகிறவர்கள் அல்லவா.

பிறகு, பக்கத்து வீட்டில் நம்ம பேச்சுப் பேசுகிறவர்கள் இருப்பார்களா என்று விசாரித்தார். சேலத்து ஜனம் அங்கே நிறைய உண்டு, சுவரும் பலகைச் சுவர்தான், இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் கேட்கும் என்றேன். முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார். "அது போதுமுங்க. அழுதாக் கேக்கறதுக்கு ஆளிருக்குது."

இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே

சும்மா கிடந்த சங்கு இங்கேதான் என் கையில் ஏறியது. பாவாயியின் தம்பி ராமசாமிக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் பெண் நிச்சயமாகியிருந்தது. அந்த ஜனங்களின் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு. கூறைச் சீலையின் ஒரு முனை மாப்பிள்ளையிடம், மறுமுனை அவன் கூடப் பிறந்தவள் கையில். அவள் நிற்காமல் தாலி கிடையாது. கூடப் பிறந்தவளே இல்லாத வீட்டில் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி நிற்பாள். பங்காளிகள் அதன்படி ராமசாமியின் சித்தப்பா மகள் காளியம்மாளை நிறுத்தலாம் என்றார்கள். செல்லம்மாள் ஒரேயடியாக மறுத்துவிட்டார். காளியம்மாள் வந்து முனையைப் பிடித்தால், பாவாயி இல்லை என்று ஊரறியச் சொன்ன மாதிரி ஆகாதா என்பது அவர் கேள்வி.

பெண் வீட்டார் கவலை வேறு. அவள் இருந்தால் வரட்டும், காத்திருக்கலாம். இல்லையென்றால் முதலில் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்து தீட்டுக் கழியுங்கள். தீட்டுள்ள வீட்டுக்கு எங்கள் பெண்ணை எப்படி அனுப்புவது? இரண்டு தடவை முகூர்த்தம் தள்ளிப்போய்விட்டது. வைகாசிக்குள் முடியாவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்கள். இரு தரப்பும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான்: ஏஜெண்டு ஐயா சொல்லட்டும், அவள் இருக்கிறாளா, இல்லையா.

எனக்கு வேர்த்துவிட்டது. டில்லிக்கு எழுதிப் பார்த்தேன். தகவல் இல்லை என்ற ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. தகவல் இல்லை என்பதற்கு இருக்கிறாள் என்றும் பொருளில்லை, இல்லை என்றும் பொருளில்லை என்று அந்தச் சபையில் எடுத்துச் சொன்னேன். பெண்ணின் தகப்பனார் பொறுமையாக முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, மரியாதை குறையாமலே சொன்னார்: "இருக்குதுன்னும் சொல்ல மாட்டீங்க, இல்லைன்னும் சொல்ல மாட்டீங்க. இதுக்கா சாமி சீமைக்காரன் உங்களுக்கு இத்தன வருசம் சோறு போட்டான்?"

பதில் கையெழுத்து

அந்தச் சொல் தைத்தது. ரோஷம் வந்து, வண்டி பூட்டிக்கொண்டு அருமைக்காரர் வீட்டுக்குப் போனேன். அந்த ஜனங்களின் கல்யாணச் சீர்களை நடத்திவைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்பார்கள். அவர் வார்த்தைக்கு மேல் அப்பீல் கிடையாது. போகும் வழியெல்லாம் யோசித்தேன். ஐரோப்பாவில் எத்தனை ராஜ்யங்கள் ஹிட்லர் காலடியில் கிடக்கின்றன. அவற்றின் ராஜாக்களும் மந்திரிகளும் லண்டனில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். ஆனாலும் அந்த நாடு இல்லை என்று யாரும் சொல்வதில்லை. அதன் கொடியும் இறங்குவதில்லை, அதன் நாற்காலியில் வேறொருவன் உட்காருவதுமில்லை. பெரிய தேசங்களுக்குக் காட்டும் இந்த மரியாதையை ஒரு குடியானவப் பெண்ணுக்குக் காட்டினால் என்ன கெட்டுப்போகும்?

அருமைக்காரரிடம் இதை எங்கள் ஆபீஸ் வழக்கமாகச் சொன்னேன். ஏஜெண்டு ஊரில் இல்லாத நாளில் அடுத்தவர் 'அவருக்காக' என்று போட்டுக் கையெழுத்திடுவார். அதனால் ஏஜெண்டு செத்துப்போனார் என்று அர்த்தமில்லை. அதுபோல் காளியம்மாள் நிற்கட்டும், ஆனால் பாவாயிக்காக என்று சபையில் சொல்லி நிற்கட்டும். பெரியவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். ராஜதந்திரம் பலித்துவிட்டது என்று நான் நினைத்த சமயத்தில், துப்பிவிட்டு வந்து சொன்னார்: "காயிதத்துக்குப் பதில் கையெழுத்துப் போடலாமுங்க. கூடப் பொறந்த பொறப்புக்கு ஆருங்க பதில் போடறது?"

இணைச்சீர்ச் சீலை

போதாக்குறைக்கு இன்னொரு சண்டை முளைத்தது. சீர் நிற்பவளுக்கு ஒரு சீலை எடுத்துக் கொடுப்பது முறை. அதை ராசிபுரத்துத் தறியிலேயே பாவாயிக்கென்று நெய்து வாங்கி வைத்திருந்தார் செல்லம்மாள். பதிலாள் விஷயத்துக்கே ஒப்பாதவர், அந்தச் சீலை காளியம்மாள் உடம்பில் ஏறவே கூடாது என்றும் சொல்லிவிட்டார். அது காளியம்மாளின் தாயார் காதுக்கு எட்டியது. என் மகள் என்ன நாதியற்றவளா, வெறுங்கையோடு திரும்பி வருவதற்கு என்று அவர் பிடித்துக்கொண்டார். ஜப்பானுக்கும் பிரிட்டனுக்கும் நடுவே போய்ச் சமாதானம் பேசச் சொன்னால்கூட ஒப்புக்கொள்வேன். ஓரகத்திகள் இருவருக்கு நடுவே போகச் சொன்னால் ராஜிநாமாதான்.

முத்துக் கவுண்டர் வீட்டில் எல்லாரும் கூடினோம். அருமைக்காரரும் வந்திருந்தார். இரண்டு பெண்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு நகரவில்லை. அதுவரை கதவோரம் நின்றிருந்த காளியம்மாள், கைக்குழந்தையைத் தாயின் மடியில் விட்டுவிட்டு நேரே செல்லம்மாளிடம் வந்தாள். சின்ன வயதில் பாவாயியோடு ஒரே கிணற்றில் நீச்சல் பழகியவளாம் அவள். பெரியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அந்தச் சீலை அக்காளோடதுங்க பெரிம்மா, எனக்கு வேண்டாம். நான் அவளாட்டம் நிக்கல. அவ புடிக்கற முனை கீழ விழுகாமப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். வந்தா அவ கையில குடுத்துட்டு ஒதுங்கிக்கறனுங்க."

முகூர்த்தம்

அருமைக்காரர் தலையாட்டினார். செல்லம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் காளியம்மாளுக்கு வேறொரு சீலை எடுத்து வந்தார். பெண் வீட்டுக்கு ஆள் போயிற்று. சபையில் பேர் சொல்லி நடத்தினால் பாவாயி இருக்கிறாள் என்றே தாங்களும் வைத்துக்கொள்வதாகவும், தீட்டுப் பேச்சை இனி எடுப்பதில்லை என்றும் அவர்கள் சொல்லியனுப்பினார்கள்.

வைகாசியில் கல்யாணம். கூறைச் சீலையின் ஒரு முனையை ராமசாமி பிடித்துக்கொண்டான். மூங்கில் கூடை ஒன்றில் பாவாயியின் புதுச் சீலை மடிப்புக் கலையாமல் இருந்தது. அருமைக்காரர் மறுமுனையைக் கையில் எடுத்தார். பதிலாள் கிடையாது என்று என்னிடம் சொன்ன அதே மனிதர், காட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவளைக் கூப்பிடுகிற மாதிரி குரலெடுத்து, "பாவாயி, வந்து முனையப் புடி சாமி" என்றார். காளியம்மாள் வந்து பிடித்துக்கொண்டாள். ராமசாமி அழுதுவிட்டான். எனக்கும் கண் மறைத்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. செல்லம்மாள் மட்டும் அழவில்லை.

பந்தி முடிந்து நான் புறப்படும்போது அவர் வண்டி வரைக்கும் வந்தார். மனத்தைத் தளரவிடாதீர்கள், எப்படியும் வந்துவிடுவாள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எங்கள் உத்தியோகத்தில் சொல்லக்கூடாத வாக்கியம் அது. இதை எழுதும் இன்றுவரை மலேயாவிலிருந்து ஒரு வரி வரவில்லை. அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பெத்தவ எனக்குத் தெரியாதுங்களா சாமி? மாசியிலயே என்ற வயிறு சொல்லிப்போட்டுதுங்க. ஆனா, அவ இல்லைன்னு சொல்ற மொத ஆளு நம்ம ஊட்டு ஆளா இருக்கக் கூடாதுங்க."

அன்பர்களே, நாங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு ராஜதந்திரம் என்று செய்துவந்ததும் இதைத்தான், ஆனால் எங்களில் ஒருவருக்கும் இவ்வளவு வலித்ததாக எனக்கு நினைவில்லை.