கொக்குவிலில் நான் வைத்த அடைப்பு

மூளையின் நுண்ணிய இரத்தக்குழாய் பிரியும் இடமொன்றுக்குக் கொக்குவில் என்று பெயர் வைத்துப் பொலிஸ் ஸ்டேஷன் வாங்குப் பலகையில் குந்தியிருந்த ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். இப்போது சொல்லச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாக இருக்கவில்லை.

சண்டைக் காலம். கண்டிக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகமொன்றில் ஒரு பேராசிரியரிடம் எனக்கு ஆராய்ச்சி உதவியாளர் வேலை; அவரை ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவேன். வத்தேகமவில் ஒரு ஹாஜியார் வீட்டில் அறை எடுத்திருந்தேன். தலைமயிரை விட மெல்லிய குழாய்களின் நீள அகலங்களைக் கொம்பியூட்டருக்குக் கொடுத்து, ஒன்று அடைபட்டால் இரத்தம் வேறு எந்த வழியால் போகும் என்று பார்க்கிற மொடல் செய்வதுதான் வேலை. குழாய் பிரியும் ஒவ்வொரு இடமும் ஒரு ‘நோட்’, ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு நம்பர். ஒரு நம்பரை மாற்றி அடித்தால் போதும், இரத்தம் பின்பக்கமாக ஓடத் தொடங்கிவிடும். புரோகிராம் அதைப்பற்றி மூச்சும் விடாது.

நம்பர்களோடு மாரடித்து அலுத்துப்போய்த்தான் பெயர் வைத்தேன். கொக்குவில், கோண்டாவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம் என்று யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் பஸ் போகிற ஒழுங்கு எனக்குத் தண்ணிபட்ட பாடு. அதற்குப் பிறகு பிழையே வரவில்லை. உண்மையைச் சொன்னால், ஊருக்குப் போகப் பாதை இல்லாத நேரத்தில் அந்தப் பெயர்களைத் தட்டுவது மனதுக்கு ஆறுதலாகவும் இருந்தது. பெரிதாகப் பிரிண்ட் எடுத்து அறைச் சுவரிலும் ஒட்டிவைத்தேன். கெட்டித்தனம்தான்!

வீடு வீடாகச் சோதனைக்கு வந்த பொலிஸார் அதைக் கண்டார்கள். சிவப்புக் கோடுகள், அம்புக்குறிகள், யாழ்ப்பாணத்து ஊர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பிரஷரைக் காட்டும் ஒரு இலக்கம். கொக்குவிலில் மட்டும் பெருக்கல் குறி மாதிரிப் பெரிய புள்ளடி. அதுதான் நான் பரிசோதனைக்காக வைத்த அடைப்பு. என்னை ஜீப்பில் ஏற்றும்போது ஹாஜியார் கிட்ட வந்தார்.

“மகள், பயப்பட வாணாம். ஒங்கட சேருக்கு டெலிபோன் கோல் எடுத்திட்டு நானும் பின்னால வாறேன்.”

சொன்னபடி வந்தார். வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். எழும்பிப் போகச் சொன்னபோதும் போகவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார்: கொக்குவில் சந்தியில் என்ன நடக்கப்போகிறது? நான் என் அரைகுறைச் சிங்களத்தில் இரத்தம் பற்றி விளக்கினேன். இரத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் எழுதிக்கொண்டிருந்த கொன்ஸ்டபிள் நிமிர்ந்து பார்த்தார். விளங்கப்படுத்த விளங்கப்படுத்த நிலைமை மோசமாகியது. மேலிடத்துக்கு அனுப்பப்போகிறோம் என்றார்கள். அந்த நாட்களில் அப்படிப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் சேர் வந்தார். கலகெதரக்காரர், சிங்களவர், பத்து வார்த்தை கேட்டால் ஒன்று பேசுகிறவர். நான் பெயர் வைத்த விஷயமே அவருக்குத் தெரியாது. சுருட்டியிருந்த பிரிண்டை விரித்துப் பார்த்தார். என்னை ஒருதரம் பார்த்தார். எனக்குத் தலை நிமிரவில்லை.

பிறகு இன்ஸ்பெக்டரிடம், அந்தப் பெயர்களை வைக்கச் சொன்னதே தான்தான் என்றார்.

இன்ஸ்பெக்டர் விடவில்லை. இணுவிலுக்கு அடுத்த இடம் என்ன என்று கேட்டார். சேர் யாழ்ப்பாணம் பக்கம் போனதே இல்லை. வலு ஆறுதலாக, அவசரமே இல்லாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிரிண்டில் இங்கிலீஷ் எழுத்தில் இருந்த ‘மருதனார்மடத்தை’ நாக்குத் தடுமாறத் தடுமாற வாசித்தார். கொன்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேர் சிரிக்கவில்லை. இவளை அனுப்புவதென்றால் என்னையும் சேர்த்து அனுப்புங்கள் என்று சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார்.

பின்னேரம் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவருடைய பொறுப்பில் என்னை விட்டார்கள். ஒரு சிங்களவர் அந்த நாளில் ஒரு தமிழ்ப் பெட்டைக்காக அப்படிக் கையெழுத்து வைத்தால் ஊருக்குள் என்ன கதை வரும் என்று எனக்குத் தெரியும். வெளியில் வந்ததும் அழுதுவிட்டேன். எனக்காகப் பொய் சொல்லிவிட்டீர்களே சேர் என்றேன்.

“பொய் இல்லை. நீ என்னுடைய புரொஜெக்டில் வேலை செய்கிறாய். உன் பிழையும் என்னுடையதுதான்.”

இன்று எனக்குக் கீழே பிள்ளைகள் மொடல் செய்கிறார்கள். நோட்டுக்கு என்ன பெயரும் வைக்கட்டும். நான் அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். ஆராய்ச்சிக் கட்டுரையில் பெயர் போட எத்தனையோ பேர் வருவார்கள். எனக்கு, பொலிஸில் பெயர் போடவும் ஒரு மனுஷன் வந்தார்.