மஞ்சள் கட்டம்

செம்பாக்கத்தில் ஏரித் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்து வடிந்த மாதம், அவர் என் பிரவுசிங் சென்டருக்கு வந்தார். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. பழைய காலத்துக் கலரில் படம் எடுக்கும் செல்போன் ஆப் ஒன்றை மகள் சொல்லியிருக்கிறாள். அவரிடம் இருந்ததோ பட்டன் போன். கம்ப்யூட்டரிலேயே அந்த ஆப்பை ஓடவைத்துக் கொடுத்தேன்.

அவர் கொண்டுவந்தது மனைவியின் போட்டோ; தண்ணீரில் ஊறிப்போயிருந்தது. புடவை பார்டர் தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் வெறும் பழுப்பு.

தினமும் வருவார். கைக்குட்டையால் வெப்கேமைத் துடைத்துவிட்டு, போட்டோவை அதன் முன் பிடிப்பார். முகம் அகப்பட்டால் ஆப்பில் மஞ்சள் கட்டம் விழும். அது விழுந்துவிட்டால் மனைவியின் முகம் பழைய கலரில் படமாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை.

"வேற போட்டோ இல்லையா சார்?"

"ஆல்பம் மொத்தமும் போச்சு சார். அவளும் போய் ஆறு வருஷம் ஆச்சு."

"இதுல முகமே தெரியலையே சார்."

"எனக்குத் தெரியுதே."

கட்டம் விழத்தான் செய்தது, போட்டோவுக்கு மேலே தெரிந்த அவர் முகத்தின் மீது. உடனே குனிந்து போட்டோவுக்குப் பின்னால் மறைந்துகொள்வார். கட்டமும் மறைந்துவிடும்.

"இப்ப வந்துச்சா சார்?" என்று அங்கிருந்தே கேட்பார்.

எத்தனை நாள்தான் இல்லை என்று சொல்வது? ஒருநாள், "வந்துச்சு சார்" என்றேன்.

ஆவலாக நிமிர்ந்து திரையைப் பார்த்தார். கட்டம் அவர் முகத்தில் இருந்தது.

போட்டோவை உறைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். பிறகு வரவேயில்லை.