சுவரோர நாற்காலி

எங்கள் தெருவில் ஒரு பையன் எதையாவது உடைத்துவிட்டாலோ எடுத்துவிட்டாலோ, கடைக்காரர்கள் காவல் நிலையத்துக்குப் போன் செய்வதற்கு முன்னால் சலூனுக்குப் போன் செய்வார்கள். இப்படி ஒரு விதி எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை. சலூன் அண்ணன் கடை கடையாக ஏறி இறங்கி, வாய் வலிக்கப் பேசி வாங்கிய சம்மதம் அது. "ஒரே ஒரு சாயங்காலம் எனக்குக் குடுங்க. அதுக்குள்ள பையனைக் கூட்டிட்டு வரலைன்னா யாருக்கு வேணும்னாலும் போன் போடுங்க" என்று கேட்டிருக்கிறார். பலசரக்குக் கடைக்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"உனக்கு எதுக்குப்பா இந்த ஊர் வம்பெல்லாம்?"

"அந்த வம்பும் வளர்ந்தா என் கடைக்குத்தானே முடிவெட்ட வரப்போகுது" என்றாராம் அண்ணன்.

அவருக்கு இந்த எண்ணம் வந்தது சிறார் இல்லத்தில். மாதம் ஒருமுறை அங்கே போய்ப் பையன்களுக்கு முடி வெட்டுகிற வேலை அவருக்கு இருந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டவேண்டும். முகத்தை மறந்தாலும் அவர் தலையை மறக்கமாட்டார். இரட்டைச் சுழி உள்ள தலை, காதுக்கு மேல் தழும்புள்ள தலை என்று அடையாளம் வைத்திருந்தார். விடுதலையாகிப் போன தலைகள் கொஞ்ச நாளில் திரும்பவும் அவர் கத்தரிக்கு அடியில் வந்தன. திரும்பி வந்தவர்களிடம் பேச்சு குறைந்திருந்தது. 'இங்கே வருவதற்கு முன்னாலேயே இவனை யாராவது பிடித்து உட்காரவைத்திருந்தால்?' என்று தோன்றியதாக என்னிடம் ஒருமுறை சொன்னார். தோன்றியதை அவர் அப்படியே விட்டுவிடவில்லை.

அவருடைய கடையில் நீளமான ஒரு கண்ணாடியும் அதன் முன்னால் இரண்டு சுழல் நாற்காலிகளும் உண்டு. வாசலோர நாற்காலியில் பொருளை இழந்தவர் உட்காரவேண்டும். சுவரோர நாற்காலியில் பையன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை, கண்ணாடியைப் பார்த்தால் போதும். "நேரா பாருடான்னா பசங்க தரையைப் பார்ப்பாங்க. கண்ணாடி முன்னால உக்காத்தி வச்சா தானா நிமிர்ந்திடுவாங்க. அழகு பார்க்கிற வயசு" என்பார். இழந்தவர் பேசி முடிக்கும்வரை பையன் வாய் திறக்கக்கூடாது. முடித்த பிறகும் 'சாரி' என்ற சொல் அங்கே செல்லாது. "அதை எல்லாப் பசங்களும் பல்லு விளக்குற மாதிரி சொல்லிப் பழகிட்டாங்க. என்ன செய்யணும்னு கேளு, அதைச் செய்" என்பது அவர் பேச்சு.

சுருட்டை என்று நாங்கள் கூப்பிடும் பையன் அப்படித்தான் அந்தக் கடைக்கு வந்தான். செல்போன் கடைக் கண்ணாடியை உடைத்து ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துவிட்டான். செல்போன் கடைக்காரர் வாசலோர நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கண்ணாடியைத் தன் அண்ணனே வந்து பொருத்திக் கொடுத்ததையும், அதற்குப் பிறகு அந்த அண்ணன் இறந்துபோனதையும் சொன்னார். சுருட்டை கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கடுத்த சனிக்கிழமைகளில் அவருடைய கடையில் சிக்கிக்கிடந்த ஒயர்களையெல்லாம் பிரித்து அடுக்கிக் கொடுத்தான். அதோடு அவர்கள் கணக்கு முடிந்தது. ஆனாலும் அவன் சலூனுக்கு வருவதை நிறுத்தவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து எல்லாருடைய தலையையும் கேலி செய்வான். அண்ணனுக்கு அவன்மேல் தனிப் பிரியம் உண்டு. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்றும் எங்களுக்குத் தெரியும். அவன்மேல் ஏற்கெனவே பழைய வழக்கு ஒன்று இருந்தது. நீதிமன்றம் அவனை ஒரு நன்னடத்தை அதிகாரியின் பார்வையில் விட்டிருந்தது. இன்னொரு புகார் வந்தால் நேராகச் சிறார் இல்லம்தான்.

ஒருநாள் கடையில் நல்ல கூட்டம். நானும் பெஞ்சில் இருந்தேன். அண்ணன் வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத டிரிம்மரைக் காணவில்லை. இழுப்பறை, அலமாரி, நாற்காலிக்கு அடியில் என்று தேடினார். பேருந்து ஓட்டுநர் ஒருவர் பாதி முகத்தில் நுரையோடு காத்திருந்தார். அண்ணன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். அங்கே சுருட்டை இருந்தான். அவர் ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தார். அவ்வளவுதான்.

சுருட்டை எழுந்து, தானாகவே தன் பையைத் திறந்து பெஞ்சில் கொட்டினான். ஒரு சட்டை, ஒரு பழைய சார்ஜர், ஒரு சீப்பு.

"இதுல இல்லைன்னா வேற எங்கயாவது வச்சிருப்ப" என்றார் அண்ணன்.

சுருட்டை பையைக்கூட எடுக்காமல் வெளியே போனான். வாரம் ஒருமுறை வழக்கமாக வந்து விசாரிக்கிற அதிகாரியம்மா அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். "பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். அண்ணன் கோபத்தில், "கடைசியில என் கடையிலேயே கைவச்சிட்டான்மா" என்று சொல்லிவிட்டார். தெரு முழுக்க மற்றவர்களிடம் ஒரு சாயங்காலம் கேட்டு வாங்கிய மனிதர், தனக்கு என்று வந்தபோது ஒரு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் லாண்டரி அக்கா வெளுத்த துண்டுக் கட்டோடு வந்தார். அதன்மேல் டிரிம்மர் இருந்தது.

"துண்டைத் துவைக்கச் சொன்னீங்க, சரி. இதையும் துவைக்கணுமா? மெஷின்ல போடுறப்போ என் கையில தட்டுப்படலைன்னா என்ன ஆயிருக்கும்?"

அழுக்குத் துண்டுகளை அவசரமாகச் சுருட்டிக் கட்டியது அண்ணன்தான். அவர் கத்தரியைக் கீழே வைத்தார். உடனே அதிகாரியம்மாவுக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் அவர் சொன்னது பெஞ்சில் இருந்த எனக்கும் கேட்டது.

"நல்லவேளை, நான் இன்னும் ரிப்போர்ட்டை மேல அனுப்பலை. ஆனா பையன் இன்னிக்கு என் ஆபீஸுக்கு வரணும், வரலை. வீட்டுலயும் இல்லை. சாயங்காலம் ஆபீஸ் மூடுறதுக்குள்ள அவன் என் கண்ணுல படணும். இல்லைன்னா தலைமறைவுன்னுதான் நான் எழுதணும். அப்புறம் உங்க மிஷின் கிடைச்சாலும் ஒண்ணுதான், கிடைக்கலைன்னாலும் ஒண்ணுதான்."

அண்ணன் செருப்பைத் தேடினார். நாற்காலியில் இருந்தவர், "ஏம்ப்பா, என் மிச்சத் தலை?" என்று கத்தினார்.

"தொப்பி போட்டுக்கங்க, வந்துடுறேன்."

மருத்துவமனை வார்டில் வேலை பார்க்கும் அண்ணி அப்போதுதான் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே நுழைந்தார். விஷயத்தைக் கேட்டதும் தூக்கை மேசையில் 'ணங்' என்று வைத்தார். "நேத்து நாக்கைச் சுழட்டினீங்கல்ல? இன்னிக்குக் காலைச் சுழட்டுங்க. போங்க!"

சுருட்டையின் அம்மா ஒரு தையல் ஆலையில் வேலை செய்கிறார். ஆலை வாசலில் காவலாளியிடம் கெஞ்சி அவரை வெளியே வரவழைத்தார் அண்ணன். அந்த அம்மா கத்தவில்லை. நூல் ஒட்டிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஊரே சொன்னாலும் நீங்க சொல்லமாட்டீங்கன்னு இருந்தான், தம்பி" என்று மட்டும் சொன்னார். பிறகு, பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் தன் மூத்த மகள் வீட்டைச் சொன்னார்.

அங்கே நடந்ததைச் சுருட்டையின் அக்காவே பிறகு எங்களிடம் சொன்னார். பையன் உள் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். அண்ணன் கதவுக்கு வெளியே நின்றார்.

"டிரிம்மர் கிடைச்சிடுச்சு. நான்தான் துண்டோட சேர்த்துக் கட்டியிருக்கேன்."

"சந்தோஷம். போங்க."

"நாற்காலியில உக்காரணும், வா."

"நான் எதுக்கு உக்காரணும்? நான் என்ன எடுத்தேன்?"

"நீ வாசலோரம். நான் சுவரோரம்."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு, "அப்போ சாரி சொல்லக்கூடாது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சொல்லமாட்டேன்."

தாழ்ப்பாள் திறந்தது.

அவர்கள் சலூனுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அண்ணன் கூப்பிட்டதால் அதிகாரியம்மா அங்கேயே வந்து காத்திருந்தார். பையனைக் கண்ணால் பார்த்ததும், "ம், வந்துட்ட. அது போதும்" என்று சொல்லி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார். லாண்டரி அக்காவும் செல்போன் கடைக்காரரும் வாசலில் நின்றார்கள். பாதித் தலைக்காரர் தொப்பியோடு திரும்ப வந்திருந்தார். பலசரக்குக் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

அண்ணன் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தார். எத்தனையோ தலைகளை அந்த நாற்காலியில் வைத்துத் திருப்பியவர் தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைமேல் வைத்தார். சுருட்டை கண்ணாடியைப் பார்த்தான்.

"நீங்க திருடன்னு நினைச்சது பெருசில்லை. என்னை எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க, பழகிடுச்சு. நான் பையைக் கொட்டினேன். அதுல இல்லைன்னு உங்களுக்கே தெரிஞ்சுது. அதுக்கப்புறமும் வேற எங்கயோ வச்சிருப்பன்னு சொன்னீங்க. அப்போ நான் என்னத்தைக் காட்டினாத்தான் நம்புவீங்க?" அவன் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினான். "அந்த டிரைவர் மாமா சிரிச்சாரு. நுரையோட."

அண்ணன் எதையும் மறுக்கவில்லை, குறுக்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை. கண்ணாடியில் இருந்த பையனின் முகத்தை விட்டு அவர் பார்வை நகரவில்லை. அவன் முடித்த பிறகு, "நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

சுருட்டை யோசித்தான். "அப்போ இங்க யார் யாரெல்லாம் இருந்தாங்களோ அவங்ககிட்ட எல்லாம் நீங்க சொல்லணும். அவங்களைக் கடைக்கு வரச் சொல்லக்கூடாது. அவங்க இருக்கிற இடத்துக்கு நீங்க போகணும்."

"நீயும் கூட வர்றியா?"

"எனக்கென்ன வேலை? நானா சொன்னேன்?"

வாசலில் நின்ற பலசரக்குக் கடைக்காரர் சிரித்துவிட்டார். "விடு தம்பி, பெரிய மனுஷன், கஷ்டப்படுவாரு" என்றார். அண்ணன் அவரைக் கையமர்த்தினார்.

தொப்பிக்காரரின் மிச்ச முடியை வெட்டிவிட்டு, அன்றைக்கு வாடிக்கையாளர்கள் வரிசையாக வருகிற நேரத்தில் அவர் கடையை இழுத்துச் சாத்தினார். பணிமனைக்குப் போய், சகாக்களோடு நின்ற பேருந்து ஓட்டுநரிடம் சொன்னார். மருந்துக் கடையில் வரிசையில் நின்று, முறை வந்ததும் மாத்திரை கேட்காமல், அன்று கூட்டத்தில் இருந்த அந்தக் கடைக்காரரிடம் சொன்னார். ஒரு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "ஐயோ, இதுக்கா வந்தீங்க? நான் அதை அப்பவே மறந்துட்டேன்" என்றார். "நீங்க மறந்தாலும் நான் சொல்லணும்" என்று நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான் அன்று பெஞ்சில் இருந்தவன் என்பதால் எனக்கும் சொல்லவேண்டும். "சுருட்டை எடுக்கலை. நான்தான் தப்பாச் சொன்னேன்" என்றார். உள்ளே வாங்க என்றேன். இன்னும் இரண்டு வீடு பாக்கி என்று போய்விட்டார்.

நான் பள்ளியில் பல பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். தவறு செய்த பையனைத் திருத்தப் பலருக்குத் தெரியும். தான் போட்ட விதிக்குள் தானே போய் உட்கார்ந்தவர் என்று எனக்கு இவர் ஒருவரைத்தான் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். அதற்குப் பிறகு யாரும் சலூனுக்குப் போன் செய்யமாட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த முறை போன் செய்தவர் பலசரக்குக் கடைக்காரர்.

அதிகாரியம்மா மேலே எதையும் அனுப்பவில்லை. சுருட்டையின் மேற்பார்வைக் காலம் முடிந்தது. இப்போது குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் ஒருவரிடம் வேலைக்குப் போகிறான். ஆனால் சலூனுக்கு அவன் திரும்ப வரவே இல்லை. அடுத்த தெருக் கடையில்தான் முடி வெட்டிக்கொள்கிறான். வழியில் பார்த்தால் அண்ணனுக்குத் தலையசைப்பான், நிற்கமாட்டான்.

ஒருநாள் அவன் அப்படிப் போனபோது நான் அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "வருத்தமா இருக்காண்ணே?" என்று கேட்டேன்.

"இருக்காதா பின்ன?" என்றார். கொஞ்ச தூரம் போகும்வரை அவன் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கழுத்துப் பக்கம் ஏத்த இறக்கமா வெட்டியிருக்கான் பாரு, பாவி" என்றார்.